களவெட்டியில் வைத்த வளையம்

என் தங்கச்சியின் மாப்பிள்ளை மவுத்தானதற்கு நான்தான் காரணம் என்று சொன்னால் ஊரில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பாம்பு கடித்து மவுத்தான மனிதருக்கு நீ எப்படிக் காரணமாவாய் என்றுதான் கேட்பார்கள். அவர்கள் அப்படிக் கேட்பது எனக்கு வசதியாக இருந்தது. அந்த வசதியில்தான் நான் இத்தனை வருடமும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

எழுபத்தெட்டாம் ஆண்டு எங்கள் கிழக்குக் கரையில் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம் எனக்கு நீர்ப்பாசனப் பகுதியில் ஒரு வேலை கிடைத்தது. வயல் மண் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அளக்கிற வேலை. சொல்லக் கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு இரும்பு வளையங்கள் தருவார்கள், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. இரண்டுக்கும் அடியும் இல்லை, மூடியும் இல்லை. பெரியதற்குள் சிறியதை வைத்து, மேலே பலகை போட்டுச் சம்மட்டியால் அடித்து நிலத்தில் இறக்க வேண்டும். பிறகு இரண்டிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். வெளி வளையத்துத் தண்ணீர் பக்கவாட்டில் கசிந்து போய்விடும், அது காவலுக்கு. உள் வளையத்துத் தண்ணீர் நேரே கீழே இறங்கும். அது எவ்வளவு இறங்குகிறது என்று அடிமட்டம் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். முதலில் மளமளவென்று குறையும். போகப் போக மெதுவாகும். கடைசியில் ஒரே வேகத்தில் நிற்கும். அந்த வேகம்தான் அந்த மண்ணின் குணம்.

நாவிதன்வெளிப் பக்கம் நான் வளையத்தோடு குந்திக்கொண்டிருந்தால் வரம்பில் போகிறவர்கள், "அடியில்லாத சட்டியில தண்ணி ஊத்துறதுக்கும் கவுமெண்டு சம்பளம் குடுக்குதோ?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிடும். இவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். வயலின் தலைமாட்டில் தண்ணீர் நுழைந்து கால்மாட்டுக்குப் போய்ச் சேரும் வரைக்கும், கடந்து வந்த இடமெல்லாம் குடித்துக்கொண்டே இருக்கும். கடுமையாகக் குடிக்கிற மண்ணாக இருந்தால் கால்மாட்டுக்கு ஒரு சொட்டும் போகாது. ஆகவே ஒரு வயலுக்கு எத்தனை மணித்தியாலம் தண்ணீர் விட வேண்டும் என்பதை இந்த வளையம்தான் சொல்ல வேண்டும். எனக்கு அந்த வேலையில் அவ்வளவு பெருமை. அந்தப் பெருமைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

எங்கள் பக்கத்தில் வீடும் காணியும் பெண் பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெண்ணின் சீதனக் காணியில் வேளாண்மை செய்வார். வாப்பாவிடம் இரண்டு காணிகள் இருந்தன. நாவிதன்வெளியில் இருந்த களிமண் காணியை மூத்தவளான ராத்தாவின் கலியாணத்துக்குக் கொடுத்தாயிற்று. தங்கச்சிக்கு மிச்சம் இருந்தது நிந்தவூருக்கு மேற்கே இருந்த காணி. அதில் மாரி மழையை நம்பிப் பெரும்போகம் மட்டும்தான் செய்துவந்தோம். அப்போதுதான் அந்தப் பக்கத்துக்கு வாய்க்கால் வெட்டி, கோடையில் செய்கிற சிறுபோகத்துக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடத் தொடங்கியிருந்தார்கள்.

தங்கச்சிக்குப் பேசிய மாப்பிள்ளை எங்கள் ஊர்க்காரர்தான். வேறு தொழில் தெரியாத, வயலே கதியென்று கிடக்கிற மனிதர். அவர் கட்டின வரம்பில் சைக்கிள் ஓட்டலாம் என்று சொல்வார்கள். அவருடைய வாப்பா கலியாணம் பேச வந்தபோது நகையைப் பற்றிக் கேட்கவில்லை, வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"காணியில தண்ணி நிக்குமா?"

வாப்பா பொய் சொல்லத் தெரியாதவர். "மாரியில நிக்குது. கோடையில நாங்க செஞ்சு பாக்கல்ல" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி, "அத நான் அளந்து சொல்றன். ரெண்டு மணித்தியாலத்துல சொல்லலாம்" என்றேன். வந்தவர்களின் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. அது எனக்கு இனித்தது.

விடுமுறை நாளில் வளையங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். அறுவடை முடிந்து காணி ஒட்டுத்தாளாய்க் கிடந்தது. வைத்த இடமெல்லாம் வளையம் சரிந்தது. தாள் கட்டைகள் முட்டின. அரை மணித்தியாலம் பட்ட பாட்டில் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மாப்பிள்ளையும் அவருடைய வாப்பாவும் ஒரு குடையின் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். காணியின் நடுவில், வருடா வருடம் கதிரைப் பரப்பி, எருமைகளை மிதிக்கவிட்டுச் சூடு அடிக்கிற களவெட்டி இருந்தது. வட்டமாய், கூட்டிவிட்டது போலச் சுத்தமாய், மட்டமாய் இருந்தது. வளையத்தை அங்கே கொண்டுபோய் அடித்தேன். கஷ்டப்பட்டு இறங்கியது. அது ஏன் அவ்வளவு கஷ்டப்பட்டு இறங்கியது என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

தண்ணீர் ஊற்றினேன். இரண்டு மணித்தியாலத்தில் ஒரு நெல்மணியின் அகலத்துக்குக்கூடக் குறையவில்லை. மாப்பிள்ளை வந்து குந்தி, வளையத்துக்குள் எட்டிப் பார்த்தார். விரலை விட்டுப் பார்த்தார்.

"நிக்குது மச்சான்" என்றார். சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். என்னை அவர் மச்சான் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.

வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி குசினிக்குப் பின்னால் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பெரிய ஆள் மாதிரிக் கதையைச் சொன்னேன். அவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"எந்த எடத்துல வெச்சீங்க காக்கா?"

"நடுவுல. களவெட்டியில."

"அது மாடு மிதிச்ச எடமெல்லோ? இஞ்ச பாருங்க, நாங்க நடந்து திரியிற எடத்துல மீன் கழுவின தண்ணி அப்பிடியே நிக்கிது. வாழையடியில ஊத்தினா ஊத்தின கையோட உறிஞ்சிருது."

எனக்குச் சுருக்கென்றது. "படிச்சவங்க செஞ்சு தந்த சாமான வெச்சு அளந்து சொல்றன். நீ மீன் கழுவிற தண்ணியக் கொண்டு எனக்குப் படிப்பிக்க வாறியா?" என்று கத்தினேன். அவள் சிரித்துவிட்டு மீனைக் கழுவப் போய்விட்டாள். அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. மேலே கேட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள அவள் விரும்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கலியாணம் நடந்தது. முதல் பெரும்போகம் மழையில் நன்றாகவே விளைந்தது. எல்லாருக்கும் சந்தோசம். சிறுபோகம் வந்தபோதுதான் காணி தன் குணத்தைக் காட்டியது.

முறைத் தண்ணீர் வந்த ஒரு நாள் நானும் போயிருந்தேன். காலையில் வக்கடையைத் திறந்துவிட்டு மச்சான் வரம்பில் நின்றார். தண்ணீர் வரம்பின் வாயால் குதித்து உள்ளே வந்தது. பத்து எட்டு வைக்கிற தூரம் ஓடியது. பிறகு நடந்தது. பிறகு ஊர்ந்தது. களவெட்டியைச் சுற்றிப் போய்ப் பாதி வயலில் ஈரமாய் நின்றது. மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லும்போது முறை முடிந்துவிட்டது. கால்மாட்டில் வெடித்துக் கிடந்த நிலத்துக்கு ஒரு சொட்டும் போகவில்லை. கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் நின்ற பயிர் அங்கே கருகியது.

மச்சான் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே யோசித்திருப்பேன். அவர் வேறு மாதிரி யோசித்தார்.

"ஒங்கட வளையம் நிக்கும் எண்டுதானே சொன்னது? அப்ப மண்ணுல பிழையில்ல மச்சான். தண்ணி எங்கயோ வெளியில ஓடுது. என்ட வரம்புலதான் ஓட்டை இரிக்கி."

"பக்கத்து வயல் காய்ஞ்சு கிடக்கே" என்றேன். அவ்வளவுதான் என் வாயில் வந்தது.

"நண்டுப் பொந்து வழிய அடியால போகுது போல" என்றார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் அந்த வரம்பை விடவே இல்லை. வெட்டினார், மிதித்தார், சேறு குழைத்துப் பூசினார். நண்டுப் பொந்தைக் கண்டால் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் தடவி, களிமண் உருண்டையைத் திணித்து அடைப்பார். தங்கச்சி வயிற்றில் பிள்ளையோடு அவருக்குச் சோறு கொண்டு போனவள், நாவிதன்வெளியிலிருந்து வண்டியில் களிமண் எடுப்பித்து வரம்போரம் கொட்டுவித்தாள். இருவரும் சேர்ந்து இல்லாத ஓட்டையைத் தேடினார்கள்.

வட்டைக் கூட்டம் என்று எங்களிடம் ஒன்று உண்டு. ஒரு வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற கமக்காரர்கள் எல்லாரும் கூடி, எப்போது திறப்பது, யாருக்கு எத்தனை மணித்தியாலம் என்று பேசுவார்கள். தண்ணீருக்குப் பொறுப்பான வட்டவிதானையார் நடத்துவார். அந்தக் கூட்டத்தில் மச்சான் எழும்பி, தன் காணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் தண்ணீர் கேட்டார். வட்டவிதானையார் சொன்னார்:

"ஒங்களுக்கு எவ்வளவு விட்டும் காணாது எண்டுறீங்க. தண்ணிய வீணாக்காம மொதல்ல போய் வரம்பக் கட்டுங்க. தெரியாட்டித் தெரிஞ்சவங்கட்டக் கேளுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். வரம்பில் சைக்கிள் ஓட்டலாம் என்று இவரைப் புகழ்ந்தவர்களும் சிரித்தார்கள். முன் வாங்கில் இருந்த அவருடைய வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். மச்சான் உட்கார்ந்துவிட்டார். நான் இரண்டு வாங்கு தள்ளி இருந்தேன்.

அந்தச் சிறுபோகம் அழிந்த பிறகு ஒரு நாள், நாவிதன்வெளியில் வேலை. வெளியூரிலிருந்து வந்திருந்த எங்கள் என்ஜினியர் பக்கத்தில் நின்றார். நான் வழக்கம்போல மட்டமான, சுத்தமான ஓர் இடத்தைப் பார்த்து வளையத்தை வைத்தேன். அவர் சப்பாத்துக் காலால் நிலத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இது சூடு அடிக்கிற இடம் அல்லவா? மாடு மிதிச்சுக் கல்லாகிக் கிடக்கு. இதில அளந்தால் முழு வயலும் தண்ணி குடிக்காது எண்டுதான் எழுத வேண்டி வரும். வண்டிப் பாதை, மாடு கட்டுற இடம், களவெட்டி, இதிலெல்லாம் வளையம் வைக்கக் கூடாது. உங்களுக்குச் சொல்லித் தரல்லையா?"

சொல்லித் தந்திருந்தார்கள். மற்ற மற்ற வயல்களில் தப்பித் தவறி நல்ல இடத்தில் வைத்திருக்கிறேன். என் சொந்தத் தங்கச்சியின் காணியிலோ மறந்திருக்கிறேன். மறந்தேன் என்றும் சொல்ல முடியாது. அவள் ஞாபகப்படுத்தினாளே. நான்தான் கத்தி அவளை அடக்கினேன்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஓட்டை இல்லை மச்சான், மண்தான் குடிக்கிறது, கோடையில் இந்தக் காணியில் நெல்லை விட்டுவிட்டு வேறு ஏதாவது போடுங்கள் என்று சொன்னால் முடிந்தது. நான் சொல்லவில்லை. பிள்ளை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. பொய்யாக அளந்து காட்டிச் சீதனம் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று அவருடைய ஆட்கள் சொன்னால் என்ன செய்வது, அவர் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனால் தங்கச்சி என்ன ஆவாள் என்று பயந்தேன். இது பாதி உண்மை. மற்றப் பாதி, அவர் முன்னால் நான் சின்ன மனிதனாக விரும்பவில்லை. வாற போகம் முடியட்டும், சொல்லுவோம் என்று நாளைக் கடத்தினேன்.

அடுத்த சிறுபோகத்தில், தண்ணீர் திறப்பதற்கு முந்திய கிழமை, மச்சான் வரம்பில் ஒரு நண்டுப் பொந்துக்குள் கையை விட்டார். உள்ளே புடையன் பாம்பு கிடந்தது.

உழவு மெசினின் பெட்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவருடைய தலை தங்கச்சியின் மடியில் இருந்தது. நான் பெட்டியின் பின்பக்கம் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவருடைய பல் முரசெல்லாம் இரத்தமாய் இருந்தது. ஏதோ சொன்னார். மெசின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பின்னேரம், அஸர் தொழுகைக்கு முன்னால் மவுத்தாகிவிட்டார். அவரை அடக்கிவிட்டு வந்து கையைக் கழுவும்போது என் நகக்கண்ணில் கபுறடி மண் இருந்தது. அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நான் அழுத அழுகையை ஊர், மச்சான்மீது எனக்கிருந்த பாசம் என்று நினைத்தது. பாசமும் இருந்தது.

தங்கச்சி இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் அவள் வெளியே போக முடியாது, அந்நிய ஆண்களைப் பார்க்க முடியாது. கூடப்பிறந்தவன் ஆகையால் நான் போய்வருவேன். வெள்ளை உடுப்போடு அறை மூலையில் பாயில் இருப்பாள். அழ மாட்டாள். அவளைப் பார்க்க வந்த பெண்கள் அவளுக்கு முன்னாலேயே, "பாவம், வரம்பு கட்டத் தெரியாம அந்தரிச்ச மனிசன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆறுதல் சொல்கிறார்களாம்.

மூன்றாம் மாதம் என்னால் பொறுக்க முடியவில்லை. பிள்ளை நித்திரையாய் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். களவெட்டியை, என்ஜினியர் சொன்னதை, அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் வாய் திறக்காமல் இருந்ததை. அவள் என்னை அடிக்க வேண்டும், காறித் துப்ப வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அன்று மீன் கழுவும்போது நான் சொன்னேனே என்று கேட்பாள் என்றும் எதிர்பார்த்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"அப்ப வரம்பு?" என்றாள்.

"வரம்புல ஒண்டுமில்ல."

"ஓட்டை இல்லையா?"

"இல்ல. அவர் நல்லாத்தான் கட்டியிருந்தார். அந்த வட்டையிலேயே அதுமாதிரி வரம்பு இல்ல."

அப்போதுதான் அவள் அழுதாள். மவுத்தான அன்றைக்கும் அழாதவள், பிள்ளை எழும்பிவிடும் என்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

"மெசின் பெட்டியில வெச்சி என்னட்ட என்ன சொன்னார் தெரியுமா காக்கா? நான் வரம்ப ஒழுங்காக் கட்டல்ல, மன்னிச்சிரு எண்டு சொன்னார். என்னட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போறார்."

நான் அவள் காலைப் பிடித்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"எனக்கிட்டச் சொல்லி என்ன? வட்டைக் கூட்டத்துல சொல்லுங்க. அங்கதானே எல்லாருமா அவரச் சிரிச்சாங்க. நான் இத்தாவில இரிக்கன், எனக்குப் போகேலா. இத்தா இல்லாட்டியும் பொம்புள என்னை அங்க ஆரு கதைக்க விடப் போறாங்க? நீங்க போய்ச் சொல்லுங்க காக்கா. அவருட வரம்புல ஓட்டை இல்ல, மண்ண நான்தான் பிழையா அளந்த எண்டு, அவ்வளவுதான். வேற ஒண்டும் எனக்கு வேணாம்."

அடுத்த கிழமை கூட்டம். பாடசாலை மண்டபம் நிறைய ஆட்கள். முன் வாங்கில் மச்சானின் வாப்பா இருந்தார். மகன் போன பிறகு ஆள் பாதியாகியிருந்தார். மேசைக்கு அந்தப் பக்கத்தில் எங்கள் என்ஜினியரும் இருந்தார். நான் அளந்து எழுதிக் கொடுத்ததை வைத்துத்தான் நாவிதன்வெளி வயல்களுக்கு அவர் மணித்தியாலம் பிரித்துக்கொண்டிருந்தார். வட்டவிதானையார் அடுத்த முறைத் தண்ணீர் திறக்கும் நாளைச் சொன்னார். வேறு ஏதும் கதைக்க இருக்கிறதா என்று கேட்டார்.

நான் எழும்பினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மச்சானின் வாப்பாவும் திரும்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி?" என்றார் வட்டவிதானையார்.

"தண்ணி எத்தினையாந் திகதி திறக்கிற?" என்று கேட்டேன்.

"இப்பதானே சொன்ன. நித்திரையா நீங்க?" என்றார். மண்டபம் சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் முடியும் வரைக்கும் உட்கார்ந்தே இருந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அடுத்த கூட்டத்தில் கட்டாயம் சொல்கிறேன் என்று தவணை கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். அவள் அறை வாசலிலேயே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சொன்னீங்களா காக்கா?"

"ஓம்" என்றேன்.

"எல்லாரும் இருந்தாங்களா?"

"ஓம்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்டும் சொல்லல்ல. தலையக் குனிஞ்சிட்டு இருந்தாங்க."

"அவருட வாப்பா?"

"அழுதார்" என்றேன்.

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அல்ஹம்துலில்லாஹ் என்றாள். அந்த மூன்று மாதத்தில் அவள் முகத்தில் நான் காணாத ஒரு வெளிச்சம் வந்தது. பிள்ளையைத் தூக்கி அதன் காதோடு வாயை வைத்து, "கேட்டீங்களா மகள்? ஒங்கட வாப்பாட வரம்புல ஓட்டை இல்லையாம். மாமா எல்லாருக்கும் சொல்லிட்டார்" என்றாள்.

பிறகு பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, எனக்குத் தேத்தண்ணி ஊற்றுவதற்காக எழுந்து போனாள். அவள் கொண்டுவந்து தந்த தேத்தண்ணியை நான் குடித்தேன்.